ஜூலியஸ் நைரேரே: பகிஷ்காரமும் சமாதானமும்

யுத்தத்தை மூட்டுவோர் பலர். பிறர் நாட்டில் மூண்ட தீயை அணைக்கத் தமது அந்திம காலத்தை அர்ப்பணித்தோர் சிலரே. தான்சானியாவின் தேசபிதா ஜூலியஸ் நைரேரே அச்சிலருள் ஒருவர்.

விக்டோரியா ஏரிக்குக் கிழக்கேயுள்ள புடியாமா கிராமத்தில், 1922-ஆம் வருஷம் குலத்தலைவர் ஒருவரின் புதல்வராக அவர் பிறந்தார். எடின்பரோ சர்வகலாசாலையில் பட்டம் பெற்றார். உபாத்தியாயராக இருந்தமையால், ஆசான் எனப் பொருள்படும் ‘ம்வாலிமு’ என்ற பெயர் ஆயுள் முழுதும் நிலைத்தது. 1954-ல் தேசீய ஸ்தாபனம் கண்டார். 1961-ல் ஆயுதமேந்தாமலே தங்கன்யீகாவுக்கு விடுதலை பெற்றுத் தந்தார். அவரது பொருளாதாரத் திட்டங்கள் நாட்டின் வறுமையைத் தீர்க்கவில்லை என்பது மெய்யே. ஆயினும் 1985-ல் ஜனாதிபதி பதவியைத் தாமாகவே துறந்த பெருமை அவருக்குண்டு.

அண்டை நாடான புருண்டியிலோ நிலைமை வேறு. அங்கே ஹூட்டு மக்கள் பெரும்பான்மையோர். ராணுவமோ சிறுபான்மையினரான டூட்ஸிகள் வசம் இருந்தது. ஜனங்கள் தேர்ந்தெடுத்த முதல் ஹூட்டு ஜனாதிபதி மெல்கியோர் இன்டாடாயேயை 1993 அக்டோபரில் ராணுவத்தினர் கொன்றனர். உள்நாட்டு யுத்தம் மூண்டது. 1996-ல் நைரேரே மத்தியஸ்தம் ஏற்றார். அவ்வருஷம் ஜூலை 25-ல் பியர் பூயோயா ராணுவ பலத்தால் ஆட்சியைக் கைப்பற்றினார்.

ஆறு நாட்களுக்குள் அண்டை நாட்டுத் தலைவர்கள் அருஷா நகரில் கூடி, புருண்டியின் மீது வர்த்தக பகிஷ்காரம் விதித்தனர். நைரேரே அதன் பிரதான ஆதரவாளர். கடற்கரையில்லாத நாடு அது. எண்ணெய் உள்ளே வருவதும் காப்பி வெளியே செல்வதும் அயலார் பாதைகளின் வழியே. கோரிக்கைகள் மூன்று: சட்டசபை மீள வேண்டும், கட்சிகள் மீதான தடை நீங்க வேண்டும், கலகக்காரர் உள்ளிட்ட அனைவருடனும் நிபந்தனையின்றிப் பேச வேண்டும். முதலிரண்டும் செப்டம்பரிலேயே, பெயரளவிலேனும், நிறைவேறின.

ஆனால் இவ்வாயுதம் குறி தவறாதது அன்று. விலைவாசி ஏறி ஏழைகள் வாடினர். கள்ளக் கடத்தல்காரரோ கொழுத்தனர். 1997 ஏப்ரலில் உணவு, மருந்து முதலியவற்றுக்கு விலக்களிக்க நேர்ந்தது. மத்தியஸ்தர் பட்சபாதமுடையவர் என்று பூயோயா சர்க்கார் தூற்றியது. நைரேரே சளைக்கவில்லை. 1998 ஜூனில் அருஷாவில் பல கட்சிகளையும் ஒரே மன்றில் அமர்த்தினார். பேச்சு நடைபெறவே, 1999 ஜனவரியில் பகிஷ்காரம் நிறுத்தப்பட்டது. அவ்வருஷம் அக்டோபர் 14-ல் லண்டனில் அவர் காலமானார். அவர் விட்ட பணியை நெல்ஸன் மண்டேலா ஏற்க, 2000 ஆகஸ்டில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

போர்க்களத்திலிருந்த முக்கியப் படைகள் அம்மன்றில் இடம் பெறாததால், கையெழுத்துக்குப் பின்னும் துப்பாக்கிகள் ஓயவில்லை. பிரதான கலகப் படை இணங்கியது 2003-ல்தான். பொதுத் தேர்தல் 2005-ல் நடந்தது. எனினும் ராணுவத்திலும் ஆட்சியிலும் இரு சமூகத்தாரும் பங்குபெறும் ஏற்பாட்டுக்கு அருஷாவே அஸ்திவாரம்.

பகிஷ்காரம் கதவைத் தட்டும் கையேயன்றி, வீட்டைக் கட்டும் கையன்று. தட்டிய பின் உள்ளே சென்று பொறுமையுடன் பேச ஆளில்லையேல், பட்டினி கிடந்தவன் பட்ட துன்பமே மிச்சமாகும். அயல்நாட்டாரின் துயர் துடைக்கப் பகிஷ்காரம் வேண்டுமென முழங்கும் அன்பர்கள், விதிக்கும் நாளிலேயே அதை நீக்கும் வழியையும் வகுத்தல் வேண்டும். நைரேரேயின் அந்திம காலம் கற்பிக்கும் பாடம் இதுவே.