எட்வர்ட் ஜென்னர்

அம்மைப்பால் குத்திய தழும்பை நம் பாட்டிமார் கையில் நாம் கண்டிருக்கிறோம். அந்த அம்மைப்பாலை உலகுக்கு அளித்தவர் எட்வர்ட் ஜென்னர் என்னும் ஆங்கில மருத்துவர்.

இவர் 1749-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் இங்கிலாந்தில் பெர்க்லி என்னும் சிற்றூரில் பிறந்தார். ஐந்து வயதிலேயே தாய் தந்தையரை இழந்தார். சிறுவனாயிருந்தபோது அக்கால வழக்கப்படி அவருக்கும் அம்மை குத்தினர். பெரியம்மை கண்டவரின் கொப்புளத்து நீரையே எடுத்து, நலமாயிருப்பவர் உடலில் ஏற்றும் முறை அது. பலர் பிழைத்தனர், சிலர் அதனாலேயே மாண்டனர்.

பால் கறக்கும் பெண்களுக்கு மாட்டம்மை வந்தால் பிறகு பெரியம்மை வராது என்று அவ்வூர்க் குடியானவர்கள் சொல்லி வந்தனர். படித்தவர்கள் பெரும்பாலும் பொருட்படுத்தாத இப்பேச்சை ஜென்னர் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். 1796 மே 14 அன்று, சாரா நெல்ம்ஸ் என்ற பால்காரப் பெண்ணின் கைக்கொப்புளத்து நீரை, தம் தோட்டக்காரரின் மகன் ஜேம்ஸ் ஃபிப்ஸுக்குக் குத்தினார். சிறுவனுக்கு வயது எட்டு. ஜூலையில் பெரியம்மை நீரையே ஏற்றிப் பார்த்தார், நோய் வரவில்லை. இன்று எந்த மருத்துவரும் இப்படிச் சோதிக்க இயலாது. அந்தத் தாயின் நெஞ்சு அன்று என்ன பாடுபட்டதோ!

ராயல் சொசைட்டி அவரது கட்டுரையை ஏற்கவில்லை. 1798-இல் தாமே நூலாக வெளியிட்டார். 1802-இல் பம்பாயில் ஒரு மூன்று வயதுச் சிறுமிக்கு அம்மைப்பால் குத்தப்பட்டது. ஜென்னரோ தம் தோட்டத்துக் குடிலில் ஏழைகளுக்கு இலவசமாகக் குத்தி வந்தார். ஃபிப்ஸ் வளர்ந்து குடும்பஸ்தனானபோது, வாடகையின்றி ஒரு வீடும் கொடுத்தார். 1823 ஜனவரி 26 அன்று காலமானார்.

ஒருமுறை குத்தினால் ஆயுள் முழுவதும் காக்கும் என்று அவர் நம்பியிருந்தார். அது முற்றும் சரியன்று. குழந்தையில் குத்திக்கொண்ட சிலரைப் பெரியவர்களான பின் அம்மை தாக்கியது. காலம் செல்லச் செல்ல உடலின் எதிர்ப்பு குறைவதே காரணம். ஆகவே ஜெர்மனி 1874-இல், குழந்தைப் பருவத்தில் ஒரு முறையும் பன்னிரண்டாம் வயதில் மறுமுறையும் அம்மை குத்தவேண்டும் எனச் சட்டம் இயற்றியது. நம் நாட்டில் கைக்குழந்தையாக முத்தடுப்பு ஊசி போட்டுக்கொண்ட நமக்கு, 10 வயதிலும் 16 வயதிலும் ரணஜன்னி, தொண்டை அடைப்பான் ஆகியவற்றுக்கு மீண்டும் ஊசி போடுவது இதே காரணத்தால்தான். பல நாடுகளில் முதியோருக்கும் நிமோனியா, இன்ஃபுளுவென்சா தடுப்பூசிகள் உண்டு.

அந்த அட்டவணையில் ஜென்னரின் அம்மைப்பால் மட்டும் இல்லை. பெரியம்மை உலகைவிட்டே ஒழிந்ததாக 1980 மே 8 அன்று உலக சுகாதார சபை அறிவித்துவிட்டது.