பீர் ஆலையிலிருந்து வந்த அளவு

நான்காம் படிவ இயற்பியலில் வெப்பக் கணக்குகளைப் போட்டு, விடைக்குப் பின்னால் 'ஜே' என்ற எழுத்தை எழுதத் தவறினால் ஒரு புள்ளி போய்விடும். அந்த எழுத்துக்குச் சொந்தக்காரர் பீர் காய்ச்சும் குடும்பத்துப் பிள்ளை என்பது பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் 1818 டிசம்பர் 24-ஆம் நாள் இங்கிலாந்தின் சால்ஃபோர்டு நகரில் பிறந்தார். அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படித்ததில்லை. அணுக்கொள்கையால் புகழ்பெற்ற ஜான் டால்டனிடம் அண்ணனோடு சேர்ந்து பாடம் கேட்டார். 1837-இல் டால்டனைப் பக்கவாதம் தாக்கியதும் அதுவும் நின்றது.

பீர் ஆலையில் வெப்பமானிதான் முதலாளி. முளைகட்டிய வாற்கோதுமையை ஏறக்குறைய 65 பாகை செல்சியஸ் நீரில் ஊறவைக்க வேண்டும். சில பாகை கூடினாலே மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் கெட்டுவிடும். அந்தச் சூழலில் வளர்ந்தவருக்கு ஒரு பாகை என்பது சின்ன விஷயமல்ல.

ஆலையின் நீராவி இயந்திரத்துக்குப் பதிலாக மின்மோட்டாரை வைக்கலாமா என்று ஜூல் கணக்குப் பார்த்தார். மின்கலத்தில் கரையும் துத்தநாகத்தைவிட நிலக்கரியே மலிவு என்று தெரிந்தது. திட்டம் தோற்றது. ஆனால், கம்பி சூடாவதை அவர் கவனித்துக்கொண்டே இருந்தார். மின்னோட்டத்தை இரட்டிப்பாக்கினால் வெப்பம் நான்கு மடங்காகிறது! 1840 டிசம்பரில் ராயல் கழகத்துக்கு அனுப்பிய அந்தக் கட்டுரையின் சுருக்கத்தை மட்டுமே அவர்கள் அச்சிட்டார்கள். இன்று வீட்டில் மின்கலனில் பீர் காய்ச்சுபவர்கள் நம்பியிருப்பது இந்த விதியைத்தான். 65-ஐத் தொட்ட பிறகு மின்சாரத்தை நிறுத்தினால், கம்பியில் தங்கியிருக்கும் சூடு நீரை அதற்கும் மேலே கொண்டுபோய்விடும். அதனால் இலக்கை நெருங்கும்போதே மின்சாரத்தைக் குறைத்துவிட வேண்டும். கட்டுப்பாட்டுக் கருவியைச் சரிசெய்வது என்பதெல்லாம் பெரும்பாலும் இதுதான்.

ஜூலின் பெரிய சோதனை துடுப்புச் சக்கரம். எடைகள் கீழிறங்க, கப்பி சுழல, பாத்திரத்து நீரைத் துடுப்பு கலக்கும். எடைகளை இருபது முறை இறக்கினாலும் நீர் அரைப் பாகை ஃபாரன்ஹீட் அளவே சூடாகும். அதை அளக்க மான்செஸ்டர் கருவிக் கலைஞர் டான்சர் செய்த வெப்பமானியை வைத்துக்கொண்டார். பாகையில் இருநூற்றில் ஒரு பங்கைக்கூட அதில் படிக்க முடியும் என்றார். தம் உடற்சூடு கணக்கைக் கெடுக்காதிருக்க மரத்தடுப்பும் வைத்தார்.

யார் நம்புவார்கள்? 1843-இல் கார்க் நகரக் கூட்டத்தில் அவர் பேச்சை யாரும் பொருட்படுத்தவில்லை. 1847-இல் ஆக்ஸ்ஃபோர்டில் தலைவர் சுருக்கமாக முடிக்கச் சொல்லிவிட்டார். வில்லியம் தாம்சன் என்ற இருபத்து மூன்று வயது இளைஞர், பின்னாளில் கெல்வின் பிரபு, அக்கறை காட்டியிராவிட்டால் அன்றும் அது அமுங்கிப் போயிருக்கும். (நம்மைவிட ஒரு வயதுதான் மூத்தவர்!) அதே ஆண்டில் ஜூல் அமெலியா கிரைம்ஸை மணந்தார்.

1850-இல் ராயல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1854-இல் இரண்டு சிறு குழந்தைகளை விட்டு மனைவி மறைந்தார். அதே ஆண்டு ஆலையும் கைமாறியது. ஜூல் சோதனைகளை விடவில்லை. அறுபது வயதை நெருங்கியபோதும் அதே எண்ணை மீண்டும் அளந்தார்.

1889 அக்டோபர் 11-இல் சேல் என்ற ஊரில் அவர் காலமானார். புரூக்லண்ட்ஸ் இடுகாட்டில் அவருடைய கல்லறையில் 772.55 என்று பொறித்திருக்கிறார்கள். ஒரு பவுண்டு நீரை ஒரு பாகை ஃபாரன்ஹீட் சூடாக்க எத்தனை அடி-பவுண்டு வேலை வேண்டும் என்பதற்கு 1878-இல் அவர் கண்ட விடை அது.