ரோஜா மாத்திரை செய்த வைத்தியர்!

நோஸ்ட்ராடாமஸ்... இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா, குட்டீஸ்? 'உலகம் எப்போது அழியும்னு அப்பவே எழுதி வச்சவர்' என்று யாராவது உங்களுக்குப் பயம் காட்டியிருப்பார்கள். அந்தக் கதையைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அவர் வாசனை மாத்திரை செய்த வைத்தியர் என்பது தெரியுமா?

பிரான்ஸ் நாட்டின் தெற்கே, செயின்ட் ரெமி என்ற ஊரில் 1503, டிசம்பர் 14ல் பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் மிஷேல். அவினியோன் நகரில் படித்துக் கொண்டிருந்தபோது பிளேக் நோய் பரவியது. பல்கலைக்கழகத்தையே இழுத்து மூடிவிட்டார்கள்!

மிஷேல் சும்மா இருக்கவில்லை. ஊர் ஊராகச் சுற்றி மூலிகைகளைத் தெரிந்து கொண்டார். மருந்து தயாரிக்கக் கற்றார். 1529ல் மோன்பெலியே பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். அங்கே வந்தது வில்லங்கம்! மருந்து இடித்து விற்பது மட்டமான கைத்தொழிலாம். அதைச் செய்தவருக்கு இடமில்லை என்று பெயரை அடித்து விட்டார்கள். என்ன அநியாயம், பார்த்தீர்களா? அந்தக் கைப்பழக்கம்தான் பின்னால் அவருக்கு உதவியது.

பிறகு ஆழான் என்ற ஊரில் குடியேறி, திருமணம் செய்து, இரண்டு குழந்தைகளுக்கு அப்பாவானார். 1534 வாக்கில் ஒரு கொள்ளை நோய் மனைவியையும் இரு குழந்தைகளையும் கொண்டு போய்விட்டது. ஊருக்கு வைத்தியம் பார்த்தவரால், சொந்த வீட்டைக் காப்பாற்ற முடியவில்லை. மனம் உடைந்து, பல ஆண்டுகள் ஊர் ஊராக அலைந்தார்.

அந்தக் காலத்தில், துர்நாற்றம் வீசும் காற்றுதான் பிளேக்கைக் கொண்டு வருகிறது என்று நம்பினார்கள். அப்படியானால், நல்ல வாசனை அதை விரட்டும் அல்லவா? பணக்காரர்கள் 'போமாண்டர்' அணிந்தார்கள். ஆப்பிள் போல உருண்டையான, ஓட்டைகள் போட்ட வெள்ளிக் கூடு அது. உள்ளே கஸ்தூரி, அம்பர் மாதிரி வாசனைப் பொருட்கள். கழுத்திலோ இடுப்பிலோ தொங்க விட்டு, அவ்வப்போது முகர்ந்து கொள்வார்கள்.

1546ல் எக்ஸ் நகரில் பிளேக் தாண்டவமாடியபோது, நோஸ்ட்ராடாமஸை அழைத்தார்கள். அவர் வேறு மாதிரி யோசித்தார். வாசனையை ஏன் கழுத்தில் மாட்ட வேண்டும்? வாயிலேயே வைத்துக் கொண்டால்?

சைப்ரஸ் மரத்தூள், ஐரிஸ் செடியின் வேர், கிராம்பு, வசம்பு, அகில் கட்டை... எல்லாவற்றையும் பொடியாக்கினார். வசம்பும் கிராம்பும் உங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியில்கூட இருக்கலாம்! புத்தம் புதிய சிவப்பு ரோஜாப் பூக்கள் 300, 400 எடுத்து இடித்து, பொடியோடு பிசைந்தார். சின்னச் சின்ன வில்லைகளாகத் தட்டி, நிழலில் உலர்த்தினார். நோயாளிகளின் நடுவே நடமாடுபவர்கள் அதை வாயில் அடக்கிக் கொள்ள வேண்டும். சுமார் 9 மாதம் அந்த நகரில் இருந்தார்.

நோயாளியின் ரத்தத்தைக் கீறி வெளியேற்றுவதுதான் அன்றைய பெரிய வைத்தியம். அதனால் ஒரு பயனும் இல்லை என்று அவர் துணிந்து எழுதினார். ஆனால், தன்னுடைய மாத்திரையை வைத்திருந்தவர்கள் எல்லாரும் பிழைத்தார்கள் என்றும் எழுதினார். சொந்தச் சரக்கு என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

உண்மையில், வாசனைக்கும் பிளேக்குக்கும் சம்பந்தமே இல்லை. அந்தக் கிருமியை 1894ல் ஹாங்காங்கில் அலெக்ஸாண்டர் யெர்சின் கண்டுபிடித்தார். எலி மேல் இருக்கும் தெள்ளுப்பூச்சிதான் அதைப் பரப்புகிறது என்பதை 1898ல் பால் லூயி சிமோன் கண்டறிந்தார். ரோஜா வாசனை, பயந்து கிடந்த மனதுக்குக் கொஞ்சம் தெம்பு கொடுத்திருக்கலாம், அவ்வளவுதான்.

பிறகு சலோன் என்ற ஊரில் மறுமணம் செய்து தங்கிய அவர், 1566, ஜூலை 2ல் காலமானார். ரோஜா மாத்திரை செய்முறையை 1555ல் வெளியான தன் புத்தகம் ஒன்றில் எழுதியிருக்கிறார். அதன் இன்னொரு பாதியில் என்ன இருக்கிறது தெரியுமா? செர்ரிப் பழம், ஆரஞ்சுத் தோல் இதிலெல்லாம் இனிப்பு செய்வது எப்படி என்ற சமையல் குறிப்பு!