இடம் அறிந்த அறிஞர் கிறிஸ்டபர் ஸ்ட்ரேச்சி

கணிப்பொறி என்றவுடன் ஆலன் டூரிங்கின் பெயர் நம் நினைவுக்கு வருகிறது. அவரோடு பழகி, அவருக்குப் பின்னும் வாழ்ந்து, நாம் எழுதும் நிரல்களில் எல்லாம் தம் சிந்தனையைப் பதித்துச் சென்றவர் கிறிஸ்டபர் ஸ்ட்ரேச்சி. ஒன்றை நகலெடுப்பது வேறு, பகிர்ந்துகொள்வது வேறு என்பதை எண்ணிப் பார்க்கச் சொற்கள் தந்தவர் அவர். அப்பெருமகனாரின் வாழ்க்கையை என் சக மாணவர்க்கு எடுத்துரைக்க விழைகிறேன்.

ஸ்ட்ரேச்சி 1916 நவம்பர் 16 அன்று லண்டனில் பிறந்தார். தந்தை ஆலிவர், பகைவரின் மறைகுறிகளை அவிழ்ப்பதில் வல்லவர். தாயார் ரே, பெண்களின் வாக்குரிமைக்காகப் பாடுபட்டவர். எழுத்தாளர் லிட்டன் ஸ்ட்ரேச்சி இவருடைய சிற்றப்பா. இத்தகைய குடும்பத்துப் பிள்ளை தேர்விலும் முதல் வகுப்பில்தான் தேறியிருப்பார் என எண்ணத் தோன்றும். நடந்ததோ வேறு. 1935இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்த அவர், படிப்பின் நடுவே மனநலம் குன்றி வாடினார். 1939இல் இரண்டாம் வகுப்பின் கீழ்ப்பிரிவில்தான் அவரால் தேற முடிந்தது. போர்க்காலத்தில் வானொலி வால்வு ஆராய்ச்சியில் ஈடுபட்டார். போர் முடிந்தபின் பள்ளி ஆசிரியரானார். 1949 முதல் ஹாரோ பள்ளியில் பணியாற்றினார்.

அந்தப் பள்ளி ஆசிரியரைக் கணிப்பொறி ஆட்கொண்டது 1951ஆம் ஆண்டு. ஆசிரியப் பணிக்கு இடையே, டிராப்ட்ஸ் என்னும் கட்ட விளையாட்டைக் கணிப்பொறி ஆடுவதற்கு ஒரு நிரல் எழுதினார். 1952இல் மான்செஸ்டர் கணிப்பொறி முழு ஆட்டத்தையும் ஆடிக்காட்டியது. அதே கணிப்பொறியைக் காதல் கடிதங்களும் எழுத வைத்தார்! அவ்வாண்டே ஆசிரியப் பணியை விட்டுத் தேசிய ஆராய்ச்சி வளர்ச்சிக் கழகத்தில் சேர்ந்தார். 1962இல் கேம்பிரிட்ஜில் சி.பி.எல். என்னும் நிரல்மொழியை உருவாக்கும் குழுவில் இணைந்தார். பின்னர் ஆக்ஸ்போர்டில் நிரலாக்க ஆராய்ச்சிக் குழுவை நிறுவினார்.

1967 ஆகஸ்டில் கோபன்ஹேகன் நகரில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகளே, என்னைப் பொறுத்தவரை, அவர் வாழ்வின் சிகரம். ‘அ = ஆ’ என்று நாம் நிரலில் எழுதுகிறோம். வலப்பக்கத்து ‘ஆ’ ஒரு மதிப்பைக் குறிக்கிறது. இடப்பக்கத்து ‘அ’ அம்மதிப்பை வைக்கவேண்டிய இடத்தைக் குறிக்கிறது. ஆகவே ஒரு பெயருக்கு இடமதிப்பு, வலமதிப்பு என இரண்டு உண்டு என்று அவர் விளக்கினார். பக்கத்தையும் தங்குமிடத்தையும் ‘இடம்’ என்ற ஒரே சொல்லால் குறிக்கும் நம் தமிழுக்கு இக்கருத்து எவ்வளவு இயல்பாகப் பொருந்துகிறது! வலமதிப்பை மட்டும் ஒருவருக்குக் கொடுத்தால் அது நகல். இடமதிப்பையே கொடுத்தால் அது பகிர்வு. பகிர்ந்த இடத்தில் ஒருவர் செய்யும் மாற்றம் மற்றவரையும் சேரும்.

அதே 1967இல் நார்வே நாட்டின் டாலும் நைகார்டும் சிமுலா 67 என்னும் மொழியில் ‘பொருள்’ என்ற அமைப்பை உலகுக்கு அளித்தனர். பின்வந்த மொழிகளில் ஒரு பொருளைப் படியெடுக்கும் வசதியும் பிறந்தது. ஸ்ட்ரேச்சி பிரித்துக் காட்டிய வேறுபாடு அங்கேதான் நம்மைச் சோதிக்கிறது. மாணவர் ஒருவரின் பொருளில் வயதும் மதிப்பெண் பட்டியலும் இருப்பதாகக் கொள்வோம். ஜாவா மொழியில் அதைச் சாதாரணமாகப் படியெடுத்தால் வயது தனியாகிவிடும். பட்டியலோ தனியாகாது, அது இருக்கும் இடத்தின் குறிப்பு மட்டுமே படியாகும். நகலின் பட்டியலில் ஒரு மதிப்பெண்ணைத் திருத்தினால் மூலத்திலும் அது திருந்திவிடும்.

எங்கள் பகுதியில் அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கும் முறையை இதற்கு ஒப்பிடுவேன். வீடும் வயலும் தனித்தனியாகும். கிணறு மட்டும் பொதுவில் நிற்கும். பத்திரம் இரண்டு, நீர் ஒன்று. அண்ணன் இரவெல்லாம் இறைத்தால் காலையில் தம்பியின் வயல் காயும். இதுவே மேலோட்டமான படி. தம்பிக்குத் தனிக்கிணறு வெட்டித் தருவது ஆழமான படி. பைத்தான் மொழி இவ்விரண்டுக்கும் தனித்தனிக் கட்டளைகள் வைத்திருக்கிறது.

அப்படியானால் எல்லாவற்றையும் ஆழமாகவே படியெடுக்கலாமே என்று கேட்கலாம். கிணறு வெட்டச் செலவாகும். கணிப்பொறியிலும் நினைவகமும் நேரமும் செலவாகும். மேலும், நூறு மாணவர்க்கும் கல்லூரி ஒன்றுதானே? அதற்கு நூறு படிகள் எடுத்தால், முகவரி மாறும்போது நூறிலும் திருத்த வேண்டும். ஒன்று விடுபட்டாலும் பிழை. எனவே மாறாத செய்தியைத் தயங்காமல் பகிரலாம். மாறுவதாயின், அம்மாற்றம் எல்லோருக்கும் தெரியவேண்டுமா, ஒருவரோடு நிற்கவேண்டுமா என்று முதலில் கேட்கவேண்டும். விடை தெரிந்தால் வழியும் தெரியும்.

ஸ்ட்ரேச்சியின் குழு வகுத்த சி.பி.எல். மொழியிலிருந்து பி.சி.பி.எல். பிறந்தது, அதன் வழியில் பி மொழியும், அதிலிருந்து சி மொழியும் வந்தன. சி மொழி பயில்வோர் இன்றும் இடமதிப்பு என்ற கருத்தைச் சந்திக்கின்றனர். 1971இல் அவர் ஆக்ஸ்போர்டில் பேராசிரியர் பதவி பெற்றார். 1975 மே 18 அன்று, 58ஆம் வயதில் காலமானார். கோபன்ஹேகன் சொற்பொழிவுக் குறிப்புகள் அவர் வாழ்நாளில் இதழ் எதிலும் வெளிவரவில்லை. 2000ஆம் ஆண்டில்தான் அச்சேறின. அதுவரை அவை படிகளாகக் கைக்குக் கை சென்று அறிஞர்களை வளர்த்தன.

தேர்வில் கீழ்ப்பிரிவு பெற்றதால் ஒருவரின் அறிவு சுருங்கிவிடுவதில்லை. ‘அ = ஆ’ என்ற எளிய வரியையும் நின்று, நிதானித்து, கேள்வி கேட்டவர் ஸ்ட்ரேச்சி. அவ்வாறு கேட்கும் பழக்கத்தை நாமும் கைக்கொள்வோமாக!