மூன்று தீபாவளிகளின் நாயகன்

தீபாவளி என்றால் புத்தாடை, பலகாரம், புதுப்படம் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகியவர்கள் நாம். தீபாவளிப் படங்களுக்கெல்லாம் மூத்த படமாக நம் தாத்தா பாட்டிமார் நினைவில் நின்றது 'ஹரிதாஸ்'. 1944ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், தீபாவளியன்று அது வெளிவந்தது. சென்னை பிராட்வே திரையரங்கில் 1944, 1945, 1946 என மூன்று தீபாவளிகளைக் கண்டது. ஆனால், அதில் நாயகனாக நடித்த எம். கே. தியாகராஜ பாகவதருக்கு அந்த மூன்றில் முதல் தீபாவளி மட்டுமே வீட்டில் விடிந்தது. மற்ற இரண்டும் சிறையில் கழிந்தன.

பாகவதரை நான் அறிந்தது தஞ்சோங் ரம்புத்தானில், தாத்தாவின் வாய்மொழியாக. தாத்தா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 'ஹரிதாஸ்' வெளிவந்த அந்தத் தீபாவளியின்போது மலாயா ஜப்பானியர் பிடியில் இருந்தது. தோட்டத்து இளைஞர்கள் சயாம் மரண இரயில் பாதைக்குப் போய்விட்டிருந்தார்கள். பலர் திரும்பவே இல்லை. போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்துத்தான், தோட்டத்துத் திடலில் வெள்ளைத்துணி கட்டி ஓட்டிய படத்தில், தாத்தா முதன்முதலாகப் பாகவதரைக் கண்டார். பெற்றோரை விரட்டிவிட்டுப் பின் திருந்திய ஒரு மகனின் கதை அது. மகனைச் சயாமில் இழந்த தாய்மார்களும், தந்தையை இழந்த பிள்ளைகளும் அதைப் பார்த்து அழுதார்கள் என்று தாத்தா சொல்வார்.

பாகவதர் 1910ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் மாயவரத்தில் பிறந்தார். பொற்கொல்லர் குடும்பம். பின்னர் குடும்பம் திருச்சிக்குக் குடிபெயர்ந்தது. படிப்பைவிடப் பாட்டில் நாட்டம் கொண்ட சிறுவன் வீட்டை விட்டு ஓடியதும், கடப்பையில் கூட்டத்தின் நடுவே பாடிக்கொண்டிருந்தபோது தந்தை கண்டுபிடித்து அழைத்து வந்ததும் அவர் வரலாற்றில் எல்லாரும் சொல்லும் செய்தி. திருச்சியில் எஃப். ஜி. நடேச ஐயர் அவரை அரிச்சந்திரன் நாடகத்தில் லோகிதாசனாக மேடையேற்றினார். 1934இல் கே. சுப்பிரமணியம் இயக்கிய 'பவளக்கொடி'யில் திரைக்கு வந்தார். பின்னணி பாட ஆள் வைக்கும் வழக்கம் வேரூன்றாத காலம் அது. நடிப்பவரே பாட வேண்டும். உச்சத்தாயியில் தங்குதடையின்றிச் சஞ்சரிக்கும் குரல் அவருக்கு வாய்த்திருந்தது. 1937இல் வந்த 'சிந்தாமணி' ஓராண்டுக்கு மேல் ஓடிப் புதிய வரலாறு படைத்தது. தோளில் புரளும் அவரது முடிகூடப் பாகவதர் கிராப் என்று பெயர் பெற்றது.

ஒன்பதாவது படம் 'ஹரிதாஸ்'. சுந்தர்ராவ் நட்கர்ணி இயக்கினார். இளங்கோவன் உரையாடல் எழுதினார். பாபநாசம் சிவனின் பாடல்களுக்கு ஜி. ராமநாதன் பின்னணி இசை சேர்த்தார். செல்வச் செருக்கில் மிதக்கும் ஹரிதாஸ் தாய் தந்தையரை மதிக்காதவன். மனைவியை வருத்தி, ரம்பை என்னும் தாசியின் வலையில் விழுகிறான். டி. ஆர். ராஜகுமாரி ரம்பையாக வரும் காட்சியில் சாருகேசி இராகத்தில் பாகவதர் பாடும் மன்மதப் பாட்டை அறியாத பழந்தமிழ் இரசிகர் இல்லை எனலாம். சொத்தையும் கால்களையும் இழந்த பிறகு அவனுக்குக் கண் திறக்கிறது. எஞ்சிய வாழ்நாளைப் பெற்றோருக்கும் இறைவனுக்கும் தொண்டு செய்வதில் கழிக்கிறான். பண்டரிபுரத்துப் புண்டலீகன் கதையின் சாயல் இதில் உண்டு.

படம் வெளிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நடிகர் நடிகையரைப் பற்றி அவதூறு எழுதிப் பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தன், நவம்பர் 8ஆம் நாள் சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். டிசம்பரில் பாகவதரும் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டனர். கலைவாணரும் 'ஹரிதாஸ்' படத்தில் நடித்தவரே. 1945இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளியது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று மறுவிசாரணைக்குத் திரும்பியது. 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என விடுதலை பெற்றனர். உள்ளே இருந்த காலம் இரண்டு ஆண்டுகளுக்கு மேல். அந்தக் காலத்தின் பெரும்பகுதியிலும் பிராட்வேயில் அவர் பாடிக்கொண்டிருந்தார். மக்கள் சீட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

இங்கே என் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1911இல் தொடங்கப்பட்ட மனநல மருத்துவமனை எங்கள் ஊரில் இருக்கிறது. இன்று அதன் பெயர் ஹோஸ்பிட்டல் பஹாகியா. பஹாகியா என்றால் மகிழ்ச்சி. ஆனால், பல்கலைக்கழகத்தில் ஊர்ப் பெயரைச் சொன்னதும் சிரிப்பு எழாத நாள் குறைவு. அந்த மருத்துவமனையில் நலம் பெற்று வீடு திரும்பிய எத்தனையோ பேர் உண்டு. நலமானார் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த பின்னும் ஊரார் வாயிலிருந்து அந்தப் பட்டம் இறங்குவதில்லை. பாகவதரை நினைக்கும்போதெல்லாம் அவர்களும் என் நினைவுக்கு வருகிறார்கள். நீதிமன்றம் அவரை விடுவித்தது. பேச்சு விடுவிக்கவில்லை. இன்றும் அவர் பெயரைச் சொன்னால் பாட்டுக்கு அடுத்ததாக வழக்குதான் பேசப்படுகிறது.

சிறை செல்லுமுன் ஒன்பது படங்கள். வந்த பின் ஐந்து. 1948இல் 'ராஜமுக்தி', 1952இல் 'அமரகவி', 'சியாமளா', 1957இல் அவரே இயக்கிய 'புதுவாழ்வு'. எதுவும் பழைய வெற்றியைத் தரவில்லை. கடைசிப் படமான 'சிவகாமி' அவர் மறைவுக்குப் பின் 1960இல் வெளிவந்தது. அதே வழக்கில் அதே சிறையிலிருந்து வந்த கலைவாணர் மீண்டும் வெற்றிகரமாக நடித்தார், 'மணமகள்' போன்ற படங்களை இயக்கினார். ஆகவே சிறை ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. காலமும் மாறியிருந்தது. பாட்டுக்காகப் படம் பார்த்த தலைமுறை போய், வசனத்துக்காகப் படம் பார்க்கும் தலைமுறை வந்திருந்தது. இவற்றுக்கு நடுவிலும் பாகவதர் கச்சேரி மேடைகளில் பாடுவதை நிறுத்தவில்லை.

1959ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள், 49ஆம் வயதில், சென்னைப் பொது மருத்துவமனையில் அவர் காலமானார். அதுவும் தீபாவளியை ஒட்டிய நாள்தான்.

திருந்தியவனுக்கு இழந்ததெல்லாம் திரும்பக் கிடைக்கும் என்பதே 'ஹரிதாஸ்' சொல்லும் பாடம் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியானால், செய்யாத குற்றத்துக்குச் சிறை சென்று வந்தவருக்கு ஏன் எதுவும் திரும்பவில்லை என்ற கேள்வி எழும். நான் படத்தை வேறு விதமாகப் புரிந்துகொள்கிறேன். பழைய மாளிகை வாழ்வு திரும்பியதால் ஹரிதாஸ் உயரவில்லை; தொண்டு செய்யக் கற்றதால் உயர்ந்தான். பாகவதருக்கும் பழைய புகழ் திரும்பவில்லை. ஆனாலும், பாட இடம் கிடைத்தவரை அவர் பாடினார்.

அவன் திருந்தினான் என்று படம் பார்த்துக் கண்ணீர் விடுவது எளிது. மீண்டு வந்த ஒரு மனிதரை, அவர் பாகவதராயினும் எங்கள் ஊர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் யாரோ ஒருவராயினும், பழைய பட்டம் சொல்லாமல் ஏற்றுக்கொள்வதே கடினம். அடுத்த தீபாவளிக்குப் படம் பார்க்க உட்காரும்போது மாணவ நண்பர்கள் இதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.