செய்திகளுக்குள் காணாமல் போன வேட்பாளர் வி.வி. கிரி

புது தில்லி: குடியரசுத் தலைவர் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் தலைநகரத்துச் செய்தியாளர்கள் ஒரே கணக்கைத்தான் போடுகின்றனர். எந்தக் கட்சியிடம் எவ்வளவு வாக்கு மதிப்பு இருக்கிறது, இம்முறை எந்த மாநிலத்துக்கு வாய்ப்பு, எந்தச் சமூகத்துக்கு வாய்ப்பு, பிரதமரின் மனத்தில் இருப்பவர் யார் என்பவையே அந்தக் கணக்கு. வேட்பாளர் யார், பொதுவாழ்வில் அவர் இதுவரை செய்தது என்ன என்ற விவரம் கடைசிப் பத்தியில் இடம் பெற்றால் அதுவே பெரிது. இந்த வழக்கம் புதிதன்று. சுதந்திர இந்தியாவில் மிக அதிகமாக எழுதப்பட்ட குடியரசுத் தலைவர் தேர்தலான 1969-ஆம் ஆண்டுத் தேர்தலிலேயே அது முழு உருவம் பெற்றுவிட்டது. அதில் வென்ற வராககிரி வெங்கட கிரியைப் பற்றி இன்றும் பலருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: இந்திரா காந்தியின் ஆதரவால் குடியரசுத் தலைவரானவர். எழுபத்தைந்து வயது வரை அவர் வாழ்ந்த வாழ்க்கை அந்த ஒரு வரிக்குள் புதைந்துபோயிற்று.

கிரி பிறந்தது 1894 ஆகஸ்ட் 10-ஆம் தேதி, அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த பெர்ஹாம்பூரில். இன்று அது ஒடிசா மாநிலத்தைச் சேர்ந்த ஊர். தந்தை ஜோகையா பந்துலு வழக்கறிஞர். மகனும் சட்டம் படிக்க வேண்டும் என்று 1913-இல் கடல் கடந்து அனுப்பப்பட்டார். வசதி படைத்த இந்திய இளைஞர்கள் பெரும்பாலும் லண்டனுக்குச் சென்ற காலத்தில் கிரி போய்ச் சேர்ந்த இடம் டப்ளின். அயர்லாந்து அப்போது கொதித்துக்கொண்டிருந்தது. சட்டப் புத்தகங்களுடன் அயர்லாந்து விடுதலை இயக்கத்தையும் தொழிற்சங்க இயக்கத்தையும் அவர் அருகிலிருந்து கண்டார். தென்னாப்பிரிக்காவில் இந்தியர் படும் துன்பங்களைச் சொல்லி டப்ளின் இந்திய மாணவர்கள் துண்டுப் பிரசுரம் ஒன்றை வெளியிட்டபோது அதில் அவருக்கும் பங்கு இருந்தது. போலீஸாரின் கண்காணிப்பு தொடர்ந்தது. 1916-ஆம் ஆண்டு ஈஸ்டர் எழுச்சிக்குப் பிறகு அயர்லாந்தை விட்டு வெளியேறும்படி அவருக்கு உத்தரவு வந்தது. பெர்ஹாம்பூர் திரும்பி வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கியவர் விரைவிலேயே காங்கிரஸ் இயக்கத்தில் சேர்ந்தார், சிறை சென்றார்.

எனினும் அவருக்கு அடையாளம் தந்தது ரயில்வே தொழிலாளர் இயக்கமே. அகில இந்திய ரயில்வே தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவியவர்களில் அவர் ஒருவர். வங்காள–நாகபுரி ரயில்வே நிர்வாகம் கரக்பூர் பட்டறையில் ஆட்குறைப்பில் இறங்கியபோது, 1927-இல் நடைபெற்ற வேலைநிறுத்தத்துக்குத் தலைமை வகித்தவர்களுள் முக்கியமானவர் அவரே. அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸுக்கு இரண்டு முறை தலைவராக இருந்தார். 1927-இல் ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டிலும், 1931-இல் லண்டனில் நடந்த இரண்டாவது வட்டமேசை மாநாட்டிலும் இந்தியத் தொழிலாளர்களின் பிரதிநிதியாகக் கலந்துகொண்டார். தொழிற்சங்கம் நடத்துவது குற்றத்துக்கு அடுத்தபடியாகக் கருதப்பட்ட காலம் அது.

1937-ஆம் ஆண்டுத் தேர்தலில், சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த நீதிக்கட்சித் தலைவர் பொப்பிலி ராஜாவை அவருடைய சொந்தக் கோட்டையான பொப்பிலியிலேயே கிரி தோற்கடித்தார். தொழிற்சங்கக்காரர் ஒருவர் ஜமீன்தாரை அவருடைய மண்ணிலேயே வீழ்த்தியது அக்காலத்தில் சாதாரணச் செய்தியாக இருந்திருக்க முடியாது. ராஜாஜி அமைத்த அமைச்சரவையில் தொழிலாளர் மற்றும் தொழில் துறை அவருக்குக் கிடைத்தது. 1946-இல் பிரகாசம் அமைச்சரவையிலும் அவர் இடம் பெற்றார். சுதந்திரத்துக்குப் பின் இலங்கைக்கு இந்தியாவின் ஹை கமிஷனராக அனுப்பப்பட்டு 1951 வரை அங்கே இருந்தார். மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கிய 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது அவர் கொழும்பில் இருந்த காலத்தில்தான். தோட்டத் தொழிலாளர்களுக்கு நேர்ந்த அந்த அநீதியை, ஆயுள் முழுதும் தொழிலாளர்களுக்காக வாதாடிய ஒருவர் தூதரகத்து நாற்காலியில் இருந்து பார்க்க நேர்ந்தது.

1952-இல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, நேரு அமைச்சரவையில் தொழிலாளர் துறையை ஏற்றார். தொழில் தகராறுகளைக் கட்டாயத் தீர்ப்பாயங்களுக்கு அனுப்புவதைவிட, தொழிலாளரும் நிர்வாகமும் நேரில் பேசி முடிப்பதே நல்லது என்பது அவர் கொள்கை. தொழிலுறவுத் துறையில் அது கிரி அணுகுமுறை என்றே பெயர் பெற்றது. ஆயினும் அவருடைய அமைச்சர் பதவிக்கு முடிவு தேடித் தந்தது ஒரு தீர்ப்பாயத்தின் முடிவுதான். வங்கி ஊழியர்களின் ஊதியம் பற்றித் தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அளித்த முடிவை, ஊழியர்களுக்குப் பாதகமாக மத்திய அரசு 1954-இல் திருத்தியது. கிரி பதவி விலகினார். ஊழியர்களின் குறையை ஆராய அரசு பின்னர் ஆணையம் அமைக்க வேண்டியதாயிற்று. கொள்கைக்காகப் பதவியைத் துறந்த மத்திய அமைச்சர்களின் பட்டியல் நம் நாட்டில் நீளமானதன்று. அதில் இவருக்கு இடம் உண்டு என்பதை 1969-இல் எத்தனை பேர் நினைத்துப் பார்த்தார்கள்?

1957-ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் தோற்றார். அந்தத் தோல்வியும் தனிக்கதை. அவர் நின்ற பார்வதிபுரம், பொது இடம் ஒன்றும் பழங்குடியினருக்கான தனி இடம் ஒன்றும் கொண்ட இரட்டை உறுப்பினர் தொகுதி. வாக்குகளை எண்ணியபோது பழங்குடி வேட்பாளர்கள் இருவருமே கிரியை முந்தியிருந்தனர். இரு இடங்களும் அவர்களுக்கே என்று அறிவிக்கப்பட்டது. பொது இடத்தில் பழங்குடி வேட்பாளர் வெல்ல முடியுமா என்று கேட்டு கிரி வழக்காடினார். முடியும் என்று 1959-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் நியாயம் எதிர்த்தரப்பில் இருந்தது என்பதே இன்று படிக்கும் எவருக்கும் தோன்றும். தொழிலாளர் தலைவரின் வாழ்க்கையில் அது பெருமை சேர்க்கும் அத்தியாயமன்று. இரட்டை உறுப்பினர் தொகுதிகள் 1961-இல் சட்டம் இயற்றி ஒழிக்கப்பட்டன.

பிறகு உத்தரப் பிரதேசம், கேரளம், மைசூர் என்று மூன்று மாநிலங்களில் ஆளுநர் பதவி. 1967-இல் குடியரசுத் துணைத் தலைவர் பதவி. 1969 மே 3-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே காலமானார். கிரி பொறுப்புக் குடியரசுத் தலைவரானார்.

அடுத்த மூன்றரை மாதங்கள் இந்திய அரசியலையே புரட்டிப் போட்டன. ஜூலையில் பெங்களூரில் கூடிய காங்கிரஸ் ஆட்சிமன்றக் குழு, பிரதமர் முன்மொழிந்த ஜெகஜீவன் ராமை ஏற்காமல், மக்களவைத் தலைவராக இருந்த நீலம் சஞ்சீவ ரெட்டியைப் பெரும்பான்மையில் வேட்பாளராக்கியது. காமராஜர், நிஜலிங்கப்பா, எஸ்.கே. பாட்டீல் உள்ளிட்ட மூத்த தலைவர்களின் அணிக்குச் சிண்டிகேட் என்ற பெயர் ஏற்கெனவே இருந்தது. கிரி சுயேச்சையாகப் போட்டியிடுவதாக அறிவித்தார். மொரார்ஜி தேசாயிடமிருந்து நிதித்துறை பறிக்கப்பட்டது. ஜூலை 19-ஆம் தேதி 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கும் அவசரச் சட்டத்தில் கிரி கையெழுத்திட்டார். மறுநாள் பதவியை விட்டு விலகினார்.

இந்த இடத்தில்தான் பத்திரிகைகளின் பார்வை குறுகியது. அன்றைய செய்திகளின் போக்கில், இது ரெட்டிக்கும் கிரிக்கும் இடையிலான போட்டியாக இல்லை. பிரதமருக்கும் சிண்டிகேட்டுக்கும் இடையிலான சண்டையாகவே இருந்தது. வங்கி அவசரச் சட்டத்தில் இருந்த கையெழுத்து பிரதமரின் காய் நகர்த்தலின் ஒரு பகுதியாக மட்டும் பார்க்கப்பட்டது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வங்கி ஊழியர்களுக்காகவே அமைச்சர் பதவியை விட்டவர் அந்தக் கையெழுத்தை இட்டார் என்ற செய்தி, அதற்குரிய இடத்தைப் பெறவில்லை. சஞ்சீவ ரெட்டிக்கும் இதே கதிதான். ஆந்திரத்தின் முதல் முதலமைச்சர், அகில இந்தியக் காங்கிரஸ் தலைவர், மக்களவைத் தலைவர் என்ற தகுதிகள் எல்லாம் சிண்டிகேட்டின் ஆள் என்ற ஒரே சொல்லில் கரைந்தன. மூன்றாவது வேட்பாளரான சி.டி. தேஷ்முக், ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய ஆளுநர்; முன்னாள் நிதியமைச்சர். ஜனசங்கமும் சுதந்திராக் கட்சியும் ஆதரித்த அவர், பெரும்பாலும் இரண்டாம் விருப்ப வாக்குகள் எங்கே போகும் என்ற கணக்கின் ஓர் எண்ணாகவே பேசப்பட்டார். அந்தக் கட்சிகளின் தலைவர்களை நிஜலிங்கப்பா சந்தித்து இரண்டாம் விருப்ப வாக்குகளைக் கேட்டார் என்ற செய்திதான் பிரதமர் தரப்புக்குப் பெரிய ஆயுதமாயிற்று.

செய்தி ஊடகங்களின் மீதான மனக்குறை இரு தரப்புக்கும் இருந்தது. பெரிய ஆங்கில நாளேடுகள் தொழிலதிபர்களின் கையில் இருப்பதால் வங்கி நாட்டுடைமையையும் கிரியையும் எதிர்க்கின்றன என்று பிரதமரின் ஆதரவாளர்களும் இடதுசாரிகளும் சாடினர். அகில இந்திய வானொலி அரசின் கையில் இருப்பதால் பிரதமரின் குரலாக மாறிவிட்டது என்று எதிரணியினர் குமுறினர். இரண்டு குற்றச்சாட்டிலும் உண்மை இருந்தது. தொலைக்காட்சி தில்லியைத் தாண்டாத அந்நாளில், இவ்விரண்டையும் விட்டால் வாக்காளரான சட்டமன்ற உறுப்பினருக்கு வேறு வழியும் இல்லை.

அந்த இடைவெளியில் புகுந்தது ஒரு துண்டுப் பிரசுரம். எழுதியவர் பெயரோ அச்சிட்டவர் பெயரோ இல்லாமல், சஞ்சீவ ரெட்டியின் தனிவாழ்வை மிகக் கீழ்த்தரமாகத் தூற்றியது அது. உறுப்பினர்களுக்குத் தபாலில் சென்றது. நாடாளுமன்ற மைய மண்டபத்திலும் கைமாறியது. நாளேடுகளில் வேட்பாளர்களின் வாழ்க்கை விரிவாக எழுதப்பட்டிருந்தால் அந்தக் காகிதத்துக்கு அவ்வளவு வலு கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

மனசாட்சிப்படி வாக்களிக்கலாம் என்று இந்திரா காந்தி கூறிய பின் ஆகஸ்ட் 16-ஆம் தேதி வாக்குப்பதிவு நடந்தது. இடதுசாரிகளும் தி.மு.க.வும் கிரிக்கு ஆதரவு. தமிழகத்தின் பெருந்தலைவர் எதிரணியில். தமிழகத்தின் ஆளும் கட்சி கிரியின் பக்கம். 20-ஆம் தேதி எண்ணிக்கையின் முதல் சுற்றில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, தேஷ்முக்குக்கு 1,12,769. வெற்றிக்குத் தேவை 4,18,169. எனவே நாட்டின் வரலாற்றில் முதன்முறையாக, இன்றுவரை ஒரே முறையாக, இரண்டாம் விருப்ப வாக்குகள் எண்ணப்பட்டன. அவற்றில் பெரும்பகுதி ரெட்டிக்கே சென்றது. இடைவெளி மளமளவெனச் சுருங்கி, இறுதியில் 4,20,077-க்கு 4,05,427 என்ற கணக்கில் கிரி வென்றார். சிண்டிகேட் செய்த கணக்கு முற்றிலும் தவறானதன்று; முதல் சுற்றில்தான் அது பிழைத்தது. நவம்பரில் காங்கிரஸ் பிளவுபட்டது.

வெற்றி நீதிமன்றம் ஏறியது. அந்தப் பிரசுரம் வாக்காளர்கள் மீது முறையற்ற செல்வாக்கைச் செலுத்தியது என்று தேர்தல் மனுக்கள் தாக்கலாயின. 1970-இல் கிரி தாமே உச்ச நீதிமன்றத்துக்கு வந்து சாட்சியம் அளித்தார். பதவியில் இருக்கும் குடியரசுத் தலைவர் ஒருவர் சாட்சிக் கூண்டுக்குரிய கேள்விகளுக்குப் பதில் சொன்னது அதுவே முதல் முறை. மனுக்கள் தள்ளுபடியாயின. பிரசுரத்தை எழுதியது யார் என்பது மட்டும் வெளிவரவில்லை. பிற்பாடு, 1974-இல், வேட்புமனுவுக்குப் பத்துப் பேர் முன்மொழியவும் பத்துப் பேர் வழிமொழியவும் வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது. 1997-இல் அந்த எண்ணிக்கை ஐம்பது ஐம்பதாக உயர்ந்தது.

கிரியின் ஐந்தாண்டுகள் பற்றிப் பத்திரிகைகள் சூட்டிய பெயர் ரப்பர் ஸ்டாம்ப். அதை முழுவதும் மறுக்க இயலாது. மன்னர்களின் அங்கீகாரத்தை ரத்து செய்த 1970-ஆம் ஆண்டு ஆணையில் கையெழுத்திட்டார்; உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 1973-இல் மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என். ராய் தலைமை நீதிபதியாக்கப்பட்டதும் அவருடைய ஆணையின் பேரில்தான். 1974 மே மாதம் அவர் நிறுவிய அதே ரயில்வே சம்மேளனம் நாடு தழுவிய வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் சிறையில் அடைக்கப்பட்டார்கள். கரக்பூர் வேலைநிறுத்தத்தின் தலைவர் அப்போது குடியரசுத் தலைவர் மாளிகையில் இருந்தார். 1954-இல் பதவி விலகத் துணிந்தவருக்கு இருபது ஆண்டுகள் கழித்து அந்த வழி ஏன் தோன்றவில்லை என்ற கேள்வியை, அவர் வாழ்க்கையை முழுதாக அறிந்தவர்களே கேட்க முடியும். ரப்பர் ஸ்டாம்ப் என்று எழுதியவர்களுக்கு அந்தக் கேள்விக்கே இடமில்லை.

ஓய்வுக்குப் பின் 1975-இல் பாரத ரத்னா விருது பெற்றார். அடுத்த ஆண்டு தன்வரலாற்று நூலை வெளியிட்டார். 1977-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் சஞ்சீவ ரெட்டியைத் தவிர மற்ற எல்லோருடைய மனுக்களும் தள்ளுபடியாகி, அவர் போட்டியின்றித் தேர்வு பெற்றார். அதனால் பிரசாரமும் இல்லை, பிரசுரமும் இல்லை. 1980 ஜூன் மாதம் சென்னையில் கிரி காலமானபோது தில்லியில் குடியரசுத் தலைவராக இருந்தவர் அதே சஞ்சீவ ரெட்டி.