வேகவேந்தர் எட்டோரே புகாட்டி

கட்டவிழ்ந்து ஓடும் காளையைக் கண்டு வியவாதார் யார்? ஆயினும் அதே காளையை வண்டியிற் பூட்டிப் பாரமேற்றி ஊர்போய்ச் சேரவேண்டுமாயின், மூக்கணாங்கயிறு கையில் இருத்தல் வேண்டும். கயிறு நம்பத்தக்கதாக இருந்தால்தான் வண்டிக்காரன் அஞ்சாமல் விரட்டுவான். மோட்டார்க் காரில் அக்கயிற்றின் வேலையைச் செய்வது பிரேக்.

நம் மாணவ நண்பர்கள் பந்தயக் கார்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசக் கேட்டிருக்கிறேன். குதிரைத்திறன் எத்தனை, மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்றே பேச்சுப் போகும். பிரேக்கைப் பற்றி ஒரு சொல்லும் எழாது. அக்குறை நீங்க வேண்டுமென்று எண்ணியே, பந்தயக் கார் உலகில் அழியாப் பெயர் பெற்ற எட்டோரே புகாட்டியின் வரலாற்றை எழுதத் துணிந்தேன். எந்திரவியல் பயிலும் எனக்கு அவர் வாழ்வு இரண்டு பாடங்களைத் தருகிறது. ஒன்று, அவர் கண்டுகொண்டது; மற்றொன்று, அவர் காணத் தாமதித்தது.

1881-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் இத்தாலியின் மிலான் நகரில் புகாட்டி பிறந்தார். தந்தை கார்லோ, நாற்காலி மேசை முதலியவற்றைக் கலைப்பொருள்களாகவே படைத்தவர். தம்பி ரெம்பிராண்டு, விலங்குகளின் உருவங்களை வடித்துப் புகழ் பெற்ற சிற்பி. கலைமணம் கமழும் அக்குடும்பத்தில் எட்டோரே இயந்திரத்தின்மீது காதல் கொண்டார். இருபது வயது நிரம்புமுன்னரே, தாம் வரைந்து செய்த காரை 1901-இல் மிலான் கண்காட்சியில் வைத்துப் பரிசு பெற்றார். அதன் பயனாக டி டீட்ரிக் நிறுவனத்தார் அவரை அல்சேசு மாநிலத்துக்கு அழைத்துக்கொண்டனர். இளைஞருக்குச் சட்டப்படி வயது நிரம்பாமையால், ஒப்பந்தத்தில் தந்தையார் கையொப்பமிட நேர்ந்தது!

1909-இல் அல்சேசில் மோல்சைம் என்னும் சிற்றூரில், பழைய சாயப்பட்டறை ஒன்றில், புகாட்டி தம் சொந்தத் தொழிற்சாலையைத் தொடங்கினார். அவ்வூர் அன்று ஜெர்மானிய ஆட்சியில் இருந்தது. முதல் உலகப்போருக்குப் பின் பிரான்சோடு சேர்ந்தது. பெரிய எஞ்சின் தாங்கிய கனத்த கார்கள் கோலோச்சிய அக்காலத்தில், அவர் எடை குறைந்த சிறிய கார்களைச் செய்தார். 1921-இல் பிரேசியா நகரில் நடந்த சிறு கார்ப் பந்தயத்தில் முதல் நான்கு இடங்களையும் அவருடைய கார்களே பிடித்தன.

1924-இல் லியோன் நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்டு பிரீ பந்தயத்துக்கு, டைப் 35 என்னும் புதிய காரைக் கொணர்ந்தார். அதன் சக்கரங்களைக் காண்போம். எட்டுத் தட்டையான ஆரங்கள் உடைய அலுமினியச் சக்கரம். பிரேக் டிரம்மும் அதனோடு ஒன்றாகவே வார்க்கப்பட்டிருந்தது. அழகுக்காக மட்டும் செய்த வேலையன்று அது. பிரேக் என்பது யாது? ஓடும் காரின் ஆற்றலை உராய்வினால் வெப்பமாக்கிக் காற்றில் விடும் கருவி. 1,000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்பதற்கு, ஏறத்தாழ 386 கிலோஜூல் ஆற்றலைக் கழிக்கவேண்டும். வேகம் இருமடங்கானால் அது நான்கு மடங்காகும். அவ்வெப்பம் வெளியேறாவிடில் உராய்வுப் பொருள் பிடிப்பை இழக்கும். எவ்வளவு மிதித்தாலும் கார் நிற்காது. அலுமினியமோ வெப்பத்தை விரைந்து கடத்தும். அகன்ற ஆரங்களிடையே காற்றுப் புகுந்து குளிர்விக்கும். சக்கரத்தைக் கழற்றினால் டிரம்மும் கூடவே வந்துவிடுமாதலால், பிரேக் கட்டைகளின் தேய்மானத்தை அக்கணமே பார்த்துவிடலாம்.

லியோனில் டயர்கள் கைவிட்டமையால் வெற்றி கிட்டவில்லை. ஆனால் சிசிலித் தீவின் மலைப்பாதையில் நடக்கும் தார்கா புளோரியோ பந்தயத்தில், 1925 முதல் 1929 வரை ஐந்தாண்டும் வென்றவை புகாட்டி கார்களே. வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தாகவேண்டிய பாதை அது! இஃது அவர் கண்டுகொண்டது.

இனி, அவர் காணத் தாமதித்தது. டிரம் சிறந்தது, காலின் விசையை அதனிடம் கொண்டுசேர்த்த வழியோ பழையது. மிதிகட்டையிலிருந்து சக்கரங்களுக்குக் கம்பிவடங்கள் சென்றன. வடம் நீளும், தேயும். ஒரு சக்கரம் இறுகப் பிடிக்க மற்றொன்று தளர்ந்திருக்கும். அடைபட்ட நீர்மத்தில் அழுத்தம் எங்கும் சமமாகப் பரவும் என்னும் பாஸ்கல் விதியைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். அவ்விதியால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்குடன், அமெரிக்க டியூசன்பர்க் கார் 1921-இலேயே பிரெஞ்சு கிராண்டு பிரீயை வென்றிருந்தது. 1934-இல் களமிறங்கிய மெர்சிடிஸ் பந்தயக் கார்களிலும் அவ்வகை பிரேக்கே இருந்தது. புகாட்டியோ வடத்தை விடவில்லை. 1938-இல்தான் அவருடைய டைப் 57 கார்கள் ஹைட்ராலிக் பிரேக்கைப் பெற்றன. பதினேழு ஆண்டுகள்! அறிவுக் குறைவால் நேர்ந்த தாமதமன்று அது. தம் கைத்திறத்தின்மீது கொண்ட அளவிறந்த பற்றே காரணம் என்பது என் கருத்து.

அப்பெருமிதத்தின் சின்னமே ராயல் என்னும் கார். 12.7 லிட்டர் எஞ்சின். முகப்பிலே தம்பி வடித்த யானை. ஆறே கார்கள் செய்யப்பட்டன, மூன்றே விலைபோயின. அவ்வகை எஞ்சின்கள் 1933 முதல் பிரெஞ்சு இரயில் பாதைகளில் மோட்டார் வண்டிகளை ஓட்டின. 1936-இல் ஆலையில் வேலைநிறுத்தம் நிகழவே, மனம் நொந்த புகாட்டி பாரிசுக்குச் சென்றார். ஆலையை மகன் ழான் நடத்தினார். 1937-இலும் 1939-இலும் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் வெற்றி கிட்டியது. அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1939 ஆகஸ்டு 11-இல், வென்ற அக்காரைச் சோதித்து ஓட்டிய ழான், குறுக்கே வந்த மிதிவண்டிக்காரர்மீது மோதாதிருக்கத் திருப்பி, மரத்தில் மோதி மாண்டார். வயது முப்பதே. பின்னர்ப் போர் மூண்டது. 1947 ஆகஸ்டு 21-இல் பாரிசில் புகாட்டியும் மறைந்தார்.

உலகம் நிற்கவில்லை. 1953-இல் தட்டு பிரேக் பூண்ட ஜாகுவார் கார் லெ மானில் வென்றது. 2005-இல் புகாட்டியின் பெயர் தாங்கி வெளிவந்த வேரான் காரில் கார்பன் செராமிக் தட்டுகள் இருந்தன. வேகத்தில் பிரேக் மிதித்தால் அதன் பின்சிறகும் நிமிர்ந்து காற்றைத் தடுத்தது.

சாலையிலும் பந்தயத் தடத்திலும் ஓடவேண்டிய காருக்கு எந்த பிரேக் பொருத்துவது என்ற வாதம் எங்கள் பட்டறையில் அடிக்கடி எழும். பெரிய தட்டும் சிவந்த கேலிப்பரும் வாங்கினால் போதும் என்பர் சிலர். நான் சொல்லும் வரிசை வேறு. ஒருமுறை மிதித்து நிற்கும் தூரத்தை முடிவுசெய்வது டயரின் பிடிப்பு. இருக்கும் பிரேக்கே சக்கரத்தைப் பூட்டவல்லதாயின், பெரிய தட்டு அத்தூரத்தைக் குறைக்காது. மீண்டும் மீண்டும் மிதிக்கையில் சேரும் வெப்பத்தைத் தாங்கவே அது உதவும். ஆதலால் முதலில் நல்ல டயர். அடுத்துப் புதிய பிரேக் ஆயில்: டாட் 4 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி; ஈரம் சேர்ந்தபின் அவ்வரம்பு 155 டிகிரி. கொதித்து ஆவி நிறைந்தால் மிதிகட்டை தரைவரை போய்விடும். மூன்றாவது பேட்: தடத்துக்கென்றே செய்தது சூடேறினால்தான் நன்கு பிடிக்கும், குளிர்ந்த காலையில் கடைத்தெருவில் அதை நம்பலாகாது. பின்னர்க் குளிர்காற்று செல்ல வழி. இத்தனையும் போதாதபோதே பெரிய தட்டு. அப்போதும் முன்சக்கரங்களை மட்டும் வலுவாக்கினால் முன்பின் சமநிலை கெடும் என்பதை மறத்தலாகாது.

நண்பர்களே! வெப்பத்தை வென்ற அம்மேதை வடத்தைக் கைவிடப் பதினேழு ஆண்டுகள் பிடித்தன. நம் கையால் செய்ததாயினும், சிறந்தது வேறிடத்தில் தோன்றினால் தயங்காது ஏற்போம். காரில் ஏறி அமரும் உயிர் நம் பெருமையைவிடப் பெரிது.